மாட்டியவர்தான் எடுக்க வேண்டும்

என் கையெழுத்தும் கோணல், என் ஞாபகமும் கோணல். ஐந்தாவது வரை படித்தவள். அதிலும் மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் ஒழுகும் என்று பாதி நாள் போகவில்லை. முன்னே நடந்ததைப் பின்னேயும், பின்னே நடந்ததை முன்னேயும் எழுதிவிடுவேன். வார்த்தை தப்பாக வந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் நின்று பேச வராத ஆள் நான். எழுதுவதென்றால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை, அந்த ஒரு தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

சுங்குவார்சத்திரம் மெயின் ரோட்டு ஓரம் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. மற்றதெல்லாம் கம்பெனிகளுக்குப் போன பிறகு மிஞ்சியது. என் மகன் அதில் ஷீட்டு போட்டு வண்டி ஸ்டாண்டு வைத்தான். உள்ளே இருக்கும் கிராமங்களிலிருந்து பைக்கில் வருகிறவர்கள் வண்டியை எங்களிடம் விட்டுவிட்டு, ரோட்டில் கம்பெனி பஸ் பிடித்து வேலைக்குப் போவார்கள். மகனும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்ததால் பகலில் நான்தான் உட்கார்ந்திருப்பேன். நம்பர் எழுதிய அட்டையில் பாதியை வண்டியில் கட்டுவேன், பாதியை ஆள் கையில் கொடுப்பேன். அவ்வளவுதான் வேலை. பேச வேண்டிய அவசியம் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஆண்பிள்ளைகள் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பழக்கமில்லாததால் ஷூவைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் வைத்துக்கொள்வேன். எல்லோரும் ஒரே மாதிரி கறுப்பு சேஃப்டி ஷூதான். ஆனாலும் ஒவ்வொருத்தர் தேய்ப்பது ஒரு விதம். நான் எழுத வந்தவருடைய ஷூவில் வலது கால் கயிறு அறுந்துபோய், அதற்குப் பதிலாக மஞ்சள் ஒயர் கோத்திருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நாற்பது வயசு இருக்கும். ஒரு பெரிய கம்பெனியில் மிஷின் ரிப்பேர் பார்க்கிற செக்‌ஷன். மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் எட்டு கிலோமீட்டர் உள்ளே ஒரு கிராமத்தில் வாடகை வீட்டில் இருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் என்னை ஆயா என்பார்கள். அவர் மட்டும் ஆச்சி என்பார். பக்கத்து டீக்கடைக்காரர் அவருக்கு வைத்த பேர் தெற்கத்தியார். நானும் மனசுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்வேன்.

தெற்கத்தியார் குடிப்பார். இதை மறைத்து எழுதினால் எழுதுவதற்கே ஒன்றும் இல்லை.

நைட் ஷிஃப்டு முடிந்து ஷிஃப்டு மாறுகிற நாள் ஒன்று வரும். மறுநாள் லீவு. அன்றைக்குக் காலையில் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களில் பலபேர் டீக்கடையில் இட்லி சாப்பிட்டு, பெஞ்சில் சாய்ந்து தூங்கி, பத்து மணிக்கு ஒயின் ஷாப் ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்டதும் எழுந்து போவார்கள். கடை எங்கள் பக்கத்திலேயே, லாரி நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால். உச்சி வெயிலில் திரும்பி வந்து வண்டியை எடுப்பார்கள். அட்டையை நீட்டினால் நான் வண்டியைக் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு வண்டியும் ரோட்டில் ஏறி லாரிகளுக்குள் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்பேன். ஒருத்தரிடமாவது "வேணாம்பா" என்று சொன்னேனா? சொன்னதில்லை. வாய் வராது.

தெற்கத்தியாரும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தராகத்தான் இருந்தார். ஒரு நாள் குடித்துவிட்டு வீடு வரைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தவர், சின்னப் பெண் அழுதாள் என்று பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்து ஒரு ரவுண்டு கூட்டிப் போயிருக்கிறார். திரும்புகிற இடத்தில் லாரியிலிருந்து கொட்டின எம்சாண்டு மணல் கிடந்தது. வண்டி வழுக்கிவிட்டது. குழந்தைக்குத் தாடையில் மூன்று தையல்.

அவர் மனைவி அன்றைக்கு ஒன்றும் கத்தவில்லையாம். குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே சொன்னாளாம்: "இன்னொரு மட்டம் குடிச்சிட்டு வண்டியில கைய வச்சீய, அன்னைக்கே புள்ளையள கூட்டிட்டு ஊருக்குப் போயிருவேன். பொறவு வரமாட்டேன்."

இதை அவரே என்னிடம் சொன்னார். "அவ கத்தியிருந்தா பயமில்ல ஆச்சி. கத்துனா ரெண்டு நாள்ல சரியாப் போயிரும். மெதுவால்லா சொன்னா."

இந்தக் கதையைச் சொன்ன அன்றைக்குத்தான் அந்தச் சிவப்பு அட்டையை முதல் தடவை பார்த்தேன். நைட் ஷிஃப்டு முடிந்த காலை. மஞ்சள் ஒயர் ஷூ என் முன்னால் வந்து நின்றது. நின்றது நகரவில்லை.

"ஆச்சி, ஒரு ஒத்தாச செய்யணும்."

கையில் ஒரு இரும்புச் சங்கிலி, பூட்டு, ஒரு சிவப்பு அட்டை. அட்டை கல்யாணப் பத்திரிகையை வெட்டிச் செய்தது, ஓரத்தில் ஜரிகைப் பூவில் பாதி இன்னும் இருந்தது. அதில் அவர் போட்டோவை ஒட்டி, கீழே பேர் எழுதி, பெரிய எழுத்தில் 'ஆபத்து. இயக்காதே. மாட்டியவர்தான் எடுக்க வேண்டும்' என்று எழுதியிருந்தார். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற வரைக்கும் பொறுமையாக நின்றார்.

கம்பெனியில் இதற்கு டேக் என்று பேராம். மிஷினை ரிப்பேர் பார்க்க உள்ளே கை விடுகிறவர் முதலில் கரண்டை நிறுத்தி, சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, தன் போட்டோ உள்ள டேக்கை மாட்ட வேண்டும். அதை மாட்டினவரைத் தவிர யாரும் எடுக்கக் கூடாது. சூப்பர்வைசர் வந்தாலும் கூடாது, அவருக்கு மேலே இருக்கிறவர் வந்தாலும் கூடாது.

"கம்பெனி டேக்க வெளிய கொண்டாரப்படாது. அதான் நானே ஒண்ணு செஞ்சேன்" என்றார். "இன்னைக்கு நான் குடிக்கப் போறேன் ஆச்சி. பொய் சொல்லல. விட்டுரலாம்னு பாத்தேன், விட முடியல. கொறச்சிருக்கேன், அவ்வளவுதான். வண்டியில சங்கிலியப் போட்டு டேக்க மாட்டிட்டேன். பூட்டுச் சாவி உங்ககிட்ட இருக்கட்டும். நாளைக்குக் காலைல மூஞ்சி கழுவி வந்து கேப்பேன், அப்போ குடுங்க. அதுக்கு முன்னால கால்ல விழுந்தாலும் குடுக்கப்படாது."

"எனக்கு அப்டிலாம் மாட்டேன்னு சொல்ல வராதுப்பா" என்றேன், ஷூவைப் பார்த்துக்கொண்டே.

"நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். டேக்கு சொல்லும்."

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் வாய் சும்மா இருக்காது. "இன்னா தெற்கத்தியாரே, வண்டிக்குத் தாலி கட்டிக்கினு போற? ஓடிப்போயிடும்னு பயமா?"

"வண்டி ஓடாது அண்ணாச்சி. நான்தான் ஓடுவேன். அதுக்குத்தான்."

பிறகு போனை எடுத்து மனைவிக்கு ஒரே வார்த்தை சொன்னார்: "டேக் போட்டாச்சு." மத்தியானம் கடையிலிருந்து வந்தவர் வண்டிப் பக்கமே போகவில்லை. டீக்கடை முன்னால் நிற்கிற ஷேர் ஆட்டோவில் ஏறினார். அவர் ஊருக்குத் திரும்புகிற முனையில் மனைவி குடை பிடித்து நின்று கூட்டிப் போவாளாம். அங்கிருந்து ஏரிக்கரை மேல் நடக்க வேண்டும். தனியாக விட்டால் கரையில் படுத்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் காலையில் குளித்து, விபூதி இட்டு வந்து சாவி கேட்டார். கொடுத்தேன். டேக்கைத் தன் கையால் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

வண்டிச் சாவியை மட்டும் என்னிடம் விட மாட்டார். அதே வளையத்தில் வீட்டுச் சாவியும் இருந்தது. சங்கிலிதான் இருக்கிறதே என்று அதை நாங்கள் பெரிதாக நினைக்கவில்லை.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் நடந்திருக்கும். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. குடிக்கிற ஆண்களை நான் நிறையப் பார்த்தவள். எங்கள் வீட்டுக்காரரும் குடித்தவர்தான், இப்போது இல்லை. எல்லோரும் சொல்கிற ஒரே வார்த்தை, "எனக்கு ஒண்ணும் ஆவல, நா ஸ்டெடியா கீறேன்." குடிப்பதற்கு முன்னாலேயே வந்து, இன்றைக்கு மத்தியானம் என்னை நம்பாதே என்று தன்னைப் பற்றித் தானே சொல்லி வைத்துவிட்டுப் போன ஆண்பிள்ளையை நான் வேறு பார்க்கவில்லை. அந்தப் புத்தி எப்படி வந்தது என்று கேட்க ஆசை. கேட்க வெட்கம்.

ஒரு தடவை மழை பிடித்துக்கொண்டு கம்பெனி பஸ் வர நேரமானது. அவர் ஷீட்டுக்குக் கீழே நின்றிருந்தார். வேறு யாரும் இல்லை. எப்படியோ கேட்டுவிட்டேன். "ஒரு அட்டைக்கா அவ்ளோ பயம்?"

அவர் சிரிக்கவில்லை. தன் ஊர்ப் பக்கத்தில் முன்னே ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்த்ததைச் சொன்னார். அங்கே டேக், பூட்டு எதுவும் கிடையாது. ஒருத்தர் சிக்கிக்கொண்ட தகட்டை எடுக்க மிஷினுக்குள் கை விட்டிருக்கிறார். இன்னொருத்தர் சாப்பிட்டு வந்து, உள்ளே கை இருப்பது தெரியாமல் சுவிட்சைப் போட்டிருக்கிறார். நாலு விரல்.

"போட்டவன் கெட்டவன் இல்ல ஆச்சி. தெரியாதவன். அவன் பொறவு எந்த மிஷின் பக்கமும் போகல. டேக்குன்னா என்னன்னு நெனைக்கிய? உள்ள ஒரு கை இருக்குன்னு அர்த்தம். அவ்வளவுதான்."

பிறகு இன்னொன்றும் சொன்னார். ஒரே மிஷினில் நாலு பேர் வேலை பார்த்தால் நாலு பேரும் ஆளுக்கொரு டேக் மாட்ட வேண்டுமாம். மூன்று பேர் வேலை முடித்து எடுத்துக்கொண்டு போனாலும், நாலாவது ஆள் தன்னுடையதை எடுக்கிற வரைக்கும் மிஷின் ஓடாது. "அவன் ஹெல்ப்பரா இருக்கட்டும், நேத்து வந்து சேந்தவனா இருக்கட்டும். அவன் டேக் தொங்குதுன்னா மேனேஜரும் கையக் கட்டிட்டு நிக்க வேண்டியதுதான்."

இப்படி ஒரு இடம் உலகத்தில் இருக்கிறதா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நேற்று வந்த ஹெல்ப்பர் வாயே திறக்காமல் ஒரு மேனேஜரை நிறுத்தி வைக்கலாமாம்.

இப்போது அந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷிஃப்டு மாறுகிற நாள்தான். முந்தின வாரம் முழுக்க ஏதோ மிஷின் படுத்துவிட்டது என்று தெற்கத்தியார் ஓ.டி. பார்த்துக் கண் சிவந்து கிடந்தார். அன்றைக்குக் காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கினவர் பாதித் தூக்கத்தில் வந்தார். சங்கிலியைப் போட்டார், பூட்டினார், டேக்கை மாட்டினார், பூட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டேன். "டேக் போட்டாச்சு" என்று போனில் சொன்னதும் என் காதில் விழுந்தது. எல்லாம் வழக்கம் போல.

பதினோரு மணி இருக்கும். பக்கத்து கிராமத்து ஆள் ஒருத்தர், முப்பது வயசு, அதே கம்பெனியில் லைனில் வேலை பார்க்கிறவர், நாலு மணி நேரம் ஓ.டி. முடித்து வந்து இறங்கினார். வீட்டு மாட்டுக்கு ஒரு தவிட்டு மூட்டை வாங்கித் தோளில் வைத்திருந்தார். அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனவர் கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"ஆயா, என் வண்டில டேக் தொங்குது."

போய்ப் பார்த்தேன். தூக்கி வாரிப்போட்டது. அந்த வரிசையில் கறுப்பு வண்டி ஒரே மாதிரி ஏழெட்டு நிற்கும். தெற்கத்தியார் தூக்கக் கலக்கத்தில் இந்த ஆளுடைய வண்டியில் சங்கிலியைப் போட்டிருக்கிறார். அவருடைய வண்டி நாலைந்து வண்டி தள்ளி ஒன்றும் இல்லாமல் நின்றது.

"மாத்திப் போட்டுட்டார்ப்பா, தூக்கத்துல. சாவி எங்கிட்டதான் கீது. தொறந்து வுடட்டா?"

அந்த ஆள் இரண்டு அடி பின்னால் போனார். "ஐயோ, வாணாம் ஆயா! மாட்னவரு வராம எப்டி?"

"உன் வண்டிதானேப்பா?"

"வண்டி என்னுதுதான். டேக்கு அவுருதாச்சே."

டீக்கடைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். "இன்னாடா இது, உன் வண்டிய நீ எட்த்துகினு போறதுக்குப் பஞ்சாயத்து வெக்கணுமா?"

"உனுக்குப் புரியாதுண்ணா. நீ டீய ஆத்து."

"அப்ப மாட்டுக்கு நீயே போயி பதில் சொல்லு!"

நான் எவ்வளவோ சொன்னேன். எனக்கு அது அதிகப் பேச்சு. அந்த ஆள் கேட்கவே இல்லை. தவிட்டு மூட்டையை ஷீட்டுக்குக் கீழே இறக்கி வைத்தார். "நீயும் தொட்றாத ஆயா. அவுரு வந்து எடுக்கட்டும், நா நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். ஒரு துளி குடிக்காத மனுஷன். தன் சொந்த வண்டியை, தன் சாவி தன் பையிலேயே இருக்க, யாரோ மாட்டின கல்யாணப் பத்திரிகைத் துண்டுக்காக விட்டுவிட்டுப் போனார். டீக்கடைக்காரர் சிரித்து மாய்ந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மிஷின்காரர்கள் எல்லோரும் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்ட ஜாதி என்று தோன்றியது.

ஆனால் என் பயம் வேறு. குற்றமில்லாத வண்டி கட்டிக் கிடக்கிறது, கட்ட வேண்டிய வண்டி அவிழ்ந்து நிற்கிறது. அதன் சாவி ஒயின் ஷாப்பில் இருக்கிறவர் பையில். சங்கிலியைக் கழற்றி அந்த வண்டியில் மாற்றிப் போட்டுவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்தேன். தொடாதே என்று அந்த ஆள் சொன்னது காதில் நின்றது. தெற்கத்தியார் வந்ததும் சொல்லிவிடலாம், சொன்னால் கேட்டுக்கொள்வார் என்று உட்கார்ந்துவிட்டேன். அது என் தப்பு.

அவர் வரும்போது மணி ஒன்று இருக்கும். ஷூ சத்தத்திலேயே தெரிந்தது, அன்றைக்கு அளவு கூடிவிட்டது என்று. வழக்கமாக உள்ளேயே வர மாட்டார். முந்தின ராத்திரி வேலைக்குப் போகும்போதே டிபன் பாக்ஸை வண்டியில் விட்டுவிட்டாராம், அன்றைக்கு அதை எடுக்க வந்தார். டிபன் பாக்ஸ் அவர் வண்டியில்தான் தொங்கியது. எடுத்தார். பிறகு சக்கரத்தைப் பார்த்தார். ஹேண்டில்பாரைப் பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆச்சி. என் வண்டியில டேக்கு இல்லையே."

நான் எழுந்தேன். "அது வந்துப்பா, காலைல நீ..."

ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் ஒரு விரலை மடக்கினார்.

"டேக்கு இல்ல. டேக்க மாட்டுனவன்தான் எடுக்கணும். வேற எவனும் தொட மாட்டான். அப்போ நான்தான் எடுத்திருக்கேன்." இன்னொரு விரல். "நான் எப்போ எடுப்பேன்? மறுநாள் காலைல எடுப்பேன். அப்போ விடிஞ்சு போச்சு." மூன்றாவது விரல். முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ இன்னைக்கு நாளைக்கு!"

இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது பயம்தான். அவர் வண்டியைப் பின்னுக்கு இழுத்து வெளியே தள்ளினார். பின்னாலேயே ஓடினேன். "வேணாம்பா" என்றேன். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது.

"நான் தெளிஞ்சிட்டேன் ஆச்சி. கணக்கு சரியா வருது பாத்தீயளா?"

"இன்னா தெற்கத்தியாரே, இன்னிக்கு டேக்குக்கு லீவா?" என்று டீக்கடைக்காரர் கத்தினார். விளையாட்டாகத்தான் கத்தினார். என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தெற்கத்தியார் சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறிச் சாவியைப் போட்டார். ஒரு உதையில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

அந்தக் குழந்தையை நான் பார்த்ததே இல்லை. ஆனால் தாடைத் தையல் மட்டும் கண் முன்னால் வந்தது. அந்தப் பெண் மெதுவாகச் சொன்ன வார்த்தையும் வந்தது. இவர் இன்றைக்கு விழாமல் வீடு போய்ச் சேர்ந்தாலும் சரி, வண்டியில் போய் நின்றாலே அவள் கிளம்பிவிடுவாள். மறித்து நின்று கத்த எனக்குத் தெம்பும் இல்லை, வாயும் இல்லை.

என் கையில் டோக்கன் அட்டைக் கட்டு இருந்தது. காதில் பேனா இருந்தது.

ஒரு அட்டையைத் திருப்பி, வண்டி சீட்டின் பின்பக்கத்தில் வைத்து, என் பேரை எழுதினேன். என் பேரில் ஒரு ழ வரும். அது எப்போதும் எனக்குத் தகராறு. அன்றைக்கும் சுழி சுற்றவில்லை, அடித்து மறுபடி எழுதினேன். அவர் கிளம்பாமல் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சி எழுதுதீய? ஸ்டாண்டு காசு அப்பவே குடுத்தேம்லா?"

முன்னால் போய், டோக்கன் கட்டுகிற சணலில் அந்த அட்டையைக் கோத்து, கிளட்ச்சுப் பிடியில் கட்டினேன். முடிச்சு விழ மாட்டேன் என்றது. விழுந்ததும் கையை எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். நிமிர்ந்து அவர் கண்ணை நேருக்கு நேர் பார்த்தேன். அத்தனை நாளில் அதுதான் முதல் தடவை.

அவர் குனிந்து படித்தார். என்னைப் போலவே எழுத்து எழுத்தாகப் படித்தார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு சாவியைத் திருப்பி நிறுத்தினார். இறங்கி ஸ்டாண்டு போட்டார். சுடுகிற பாத்திரத்திலிருந்து எடுப்பது போல இரண்டு கையையும் எடுத்துக்கொண்டார்.

"ஆச்சி உள்ள வேல பாக்காக" என்றார். தனக்குத்தானே சொன்னது மாதிரி இருந்தது. பிறகு டீக்கடைப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார். "யாரும் தொடாதீய! ஆச்சி கை உள்ள இருக்கு!"

டீக்கடைக்காரர் ஆற்றின டீயைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"எப்போ எடுப்பீய ஆச்சி?"

"நாளைக்குக் காலைல."

"சரி. ஹேண்ட்ஓவர்ல எழுதிருங்க, அடுத்த ஷிஃப்டுக்காரன் பாக்கணும்லா" என்று சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஷேர் ஆட்டோ வந்ததும் டீக்கடைக்காரர் கை கழுவிவிட்டு வந்து அவரை ஏற்றிவிட்டார். "த பாரு, எறங்கற முனைல இவுரு சம்சாரம் கொட புட்ச்சிகினு நிக்கும். அது கைல ஒப்படிச்சிட்டுத்தான் நீ போவணும், இன்னா?" என்று டிரைவருக்குச் சொன்னார். அன்றைக்கு அவர் காய்ச்சின டீயை அவரே எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்க முடியவில்லை. கிளட்ச்சில் தொங்கின அட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் அந்தத் தவிட்டு மூட்டை ஆள்தான் முதலில் வந்தார். தன் வண்டி முன்னால் காவல் நிற்கிற மாதிரி நின்றார். பிறகு தெற்கத்தியார் வந்தார். கூடவே மனைவி, இரண்டு பிள்ளைகள். அவள் கையில் ஒரு துணிப் பை, நிறைந்த பை. அதைப் பார்த்ததும் ஊருக்குத்தான் கிளம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

அவர் எல்லாவற்றையும் வீட்டில் சொல்லியிருக்கிறார். ஆட்டோவில் பத்திரமாகத்தானே போய் இறங்கினார்? சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியும்? நான் சொல்லியிருக்க மாட்டேன், டீக்கடைக்காரரும் சொல்லியிருக்க மாட்டார். சாயங்காலம் தெளிந்ததும், டேக் மாறிப்போனது, வண்டியில் ஏறியது, ஸ்டார்ட் பண்ணியது என்று ஒன்று விடாமல் தன் வாயால் சொல்லியிருக்கிறார். சொன்னால் அவள் போய்விடுவாள் என்று தெரிந்தே சொல்லியிருக்கிறார். அவரிடம் நான் பெரிதாக நினைப்பது டேக்கைக்கூட இல்லை, இதைத்தான்.

அவள் நேராக என்னிடம் வந்தாள். "ஆச்சி, நீங்க சொல்லுங்க. வண்டிய ஸ்டார்ட் பண்ணுனாகளா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பண்ணாரும்மா. அப்புறம் அவரே நிறுத்திட்டாரு."

"எறங்கச் சொன்னது யாரு? நீங்களா?"

"நா ஒண்ணும் சொல்லலம்மா. எனக்குச் சொல்ல வராது. படிச்சாரு, எறங்கினாரு."

அவள் போய்க் கிளட்ச்சில் தொங்கின என் அட்டையைப் பார்த்தாள். அடித்துத் திருத்தின ழகரத்தைக்கூடத் தொட்டுப் பார்த்தாள். தவிட்டு மூட்டை ஆள்தான் பொறுக்க முடியாமல், "அண்ணே, மொதல்ல என்னுத எட்த்து வுடுங்கண்ணே, மாடு கத்துது" என்றார். நான் பூட்டுச் சாவியைக் கொடுத்தேன். தெற்கத்தியார் அந்த ஆளிடம் மன்னிப்புக் கேட்டு, டேக்கைக் கழற்றி, பூட்டைத் திறந்தார்.

அவர் டேக்கைச் சட்டைப்பையில் வைக்கப் போனபோது மனைவி கையை நீட்டினாள். "இங்க குடுங்க. இனிமே நான் மாட்டுதேன். ஊரான் வண்டியில கொண்டு மாட்டுத ஆளு, நீங்க மாட்டுனது போதும்." வாங்கித் துணிப் பைக்குள் போட்டாள். பையில் வேறு என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்துக்குப் போனாள். எந்தப் பக்கம் போகிற ஆட்டோவில் ஏறப் போகிறாள் என்று நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். வெளியூர் பஸ் பிடிக்க வேண்டுமென்றால் ஏற வேண்டிய ஸ்ரீபெரும்புதூர் வண்டி ஒன்று வந்தது, அதை விட்டாள். அவர்கள் கிராமத்துப் பக்கம் போகிற ஆட்டோ வந்ததும் ஏறினாள். அவர் தெளிவாகத்தான் இருந்தார், வண்டியும் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் பிள்ளைகளை அதில் ஏற்றவில்லை. நான் என் அட்டையை அவிழ்த்ததும், அவர் அந்த ஆட்டோ பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நைட் ஷிஃப்டு முடிகிற நாளில் அவர் வண்டி ஸ்டாண்டுக்கு வராது. முந்தின நாள் சாயங்காலமே அவள் வீட்டு வாசலில் சங்கிலி போட்டு டேக்கை மாட்டிவிடுவாள். அவர் ஷேர் ஆட்டோவில் வந்து கம்பெனி பஸ் ஏறுவார். "வண்டி வீட்ல கட்டிக் கெடக்கு ஆச்சி" என்று போகிற போக்கில் சொல்வார். கொஞ்ச நாளில் எங்கள் ஸ்டாண்டிலும் வேறு மூன்று நாலு பேர் அட்டை மாட்ட ஆரம்பித்தார்கள். சாவியைச் சுருக்குப் பையில் போட்டுக்கொள்வேன். ஒருத்தர் குடித்துவிட்டு வந்து சண்டை போட்டுப் பிடுங்கிக்கொண்டு போனதும் உண்டு. எல்லோரும் தெற்கத்தியார் ஆகிவிட மாட்டார்கள்.

அவர் குடியை விட்டாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரகடம் பக்கம் வேறு கம்பெனிக்கு மாறிப் போனார். போவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோட்டில் அவர் வண்டி போவதைப் பார்த்தேன். பின் சீட்டில் மனைவி, நடுவில் சின்னப் பெண் அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து மனைவிதான் கை ஆட்டினாள். அவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இது இரண்டாயிரத்து ஒன்பதில் நடந்ததா, பத்தில் நடந்ததா என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது. தையல் மூன்று என்று எழுதியிருக்கிறேன், நாலாகவும் இருக்கலாம். டேக் போடுகிற முறையைக் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன். கம்பெனியில் அந்த வேலை தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் போடுவது பூட்டா டேக்கா, கரண்டை எப்போது நிறுத்துவார்கள் என்று பார்த்துத் திருத்திக் கொடுக்க வேண்டும். அந்தத் தவிட்டு மூட்டை ஆள் இன்னும் அதே கிராமத்தில்தான் இருக்கிறார். அவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவர் வண்டி கறுப்பு என்று எழுதிவிட்டேன், கருநீலமோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.